சளியைச் சோதிக்காமல் எத்தனை மாத்திரை?

அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். லயத்துக் காம்பராவின் விறகுப் புகை, விடியக்காலைப் பனி, இருமல். இந்த மூன்றும் இல்லாத அம்மாவை எனக்கு ஞாபகமே இல்லை. இருமல் கூடினால் தோட்ட டிஸ்பென்சரியில் அமொக்சிலின். திரும்ப வந்தால் டவுன் பார்மசியில் வேறு நிற மாத்திரை. இப்படியே 6 வருஷம். ஒரு தடவைகூட யாரும் சளியை எடுத்துச் சோதிக்கவில்லை.

போன வருஷம் மூச்சு முட்டி வார்டில் சேர்த்த பிறகுதான் கல்ச்சர் செய்தார்கள், அதாவது சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். சூடோமோனாஸ். அமொக்சிலினுக்கு இயல்பிலேயே அடங்காத கிருமி அது! வேலை செய்யும் மருந்தென்று ரிப்போர்ட்டில் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் ஊசி.

அந்த ராத்திரிகளில்தான் பேஜ் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். பற்றீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். கிருமியில் ஒட்டி, தன் மரபணுவை உள்ளே இறக்கி, அங்கேயே பெருகி, அதை வெடிக்க வைத்து வெளியே வரும். நம் உடம்பின் கலங்களைத் தொடாது. 1917இல் பாரிஸில் டெரெல் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் வைத்தார். ஜோர்ஜியாவின் திபிலிசியில் 1923இல் தொடங்கிய நிலையம் இன்றும் இதை மருந்தாகக் கொடுக்கிறது. லண்டனில் நுரையீரல் மாற்றிய 15 வயதுப் பிள்ளைக்கு எந்த மருந்தும் கேட்காமல் போனபோது, மூன்று பேஜ்களைக் கலந்து ஏற்றினார்கள். அதில் ஒன்று தென்னாபிரிக்காவில் அழுகிய கத்தரிக்காயில் கிடைத்தது. நோய் முழுதாகப் போகவில்லை, ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போனாள். அதை வாசித்து அழுதேன்.

பெரிய பரிசோதனைகளில் பேஜ் இன்னும் முழுதாக நிரூபணமாகவில்லை. பல நாடுகளில் வேறு வழியே இல்லாதவருக்குத் தனி அனுமதியோடுதான் கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று: பேஜ் ஆள் பார்த்துத்தான் அடிக்கும். ஒரே சூடோமோனாஸ்தான் என்றாலும் உங்கள் அம்மாவின் கிருமிக்குக் கேட்பது என் அம்மாவின் கிருமிக்குக் கேட்காமல் போகலாம். நோயாளியின் கிருமியை வளர்த்து, எந்த பேஜ் அதைக் கொல்கிறது என்று பார்த்த பிறகுதான் மருந்து. நாளைக்கே கொழும்பில் பேஜ் வந்து இறங்கினாலும், சளியே சோதிக்காத தோட்டத்துக்கு அதனால் என்ன பிரயோசனம்?

காசநோய்க்குச் சளி எடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி வருகிறவருக்கும் அதையே செய்யச் சொல்லித்தான் கேட்கிறேன். கொழுந்து லொறி நேரத்துக்கு ஃபெக்டரி போய்ச் சேருகிற மலையில், ஒரு சின்னப் போத்தல் ஆய்வுகூடம் போய்ச் சேர முடியாதா? தொழிற்சங்கத் தலைவர்மாரே, சம்பளப் பேச்சோடு இதையும் மேசையில் வையுங்கள்.

போன கிழமை அம்மாவுக்குத் திரும்ப இருமல். பார்மசிக்குப் போகவில்லை. விடிய எழும்பியதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சளியைப் போத்தலில் எடுத்து, முதல் பஸ்ஸிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.