சிறிய ரிவால்வர் புதியவருக்கு எளிதானதன்று

அமெரிக்காவில் முதன்முறையாகக் கைத்துப்பாக்கி வாங்குபவருக்கு, அதிலும் பெண்களுக்கு, கையடக்கமான .38 (தோட்டாவின் அளவு) ரிவால்வரே, அதாவது தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் கைத்துப்பாக்கியே, எளிதானது என்று சிலர் சொல்வதுண்டு. அங்குள்ள கடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரைதான் இது. ஆனாலும் பெரும்பாலும் தலைகீழானது.

ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறைய, கையில் படும் உதைப்பு கூடும். ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்ற அலுமினிய ரிவால்வரின் எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அதன் விசையை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் பகுதி) இழுக்கவோ ஏறத்தாழ ஐந்து கிலோ எடைக்குச் சமமான பலம் வேண்டும் என்பதால், குண்டு வெளியேறும் முன்பே குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. தோட்டா இல்லை என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு, குழலின் முனையில் குறிபார்க்க உதவும் முன்குறியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து விசையை இழுத்துப் பாருங்கள். நாணயம் விழுவது கண்ணெதிரே தெரியும். குழல் குட்டையாக இருப்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும் சுருங்கி, சிறு பிழைகூட இலக்கில் பெரிதாகிவிடும்.

பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்ற, அதன் மேற்புறத்தில் நகரும் ஸ்லைடு என்ற பகுதியைப் பின்னிழுக்க வேண்டும். அதற்குக் கைவலு போதாதவர்களுக்கு ரிவால்வர் வசதி என்பது மட்டும் நியாயமான வாதம். அவர்களுக்காகவே 2018இல் ஷீல்ட் ஈஸீ என்ற எளிதாகப் பின்னிழுக்கக்கூடிய ஸ்லைடு கொண்ட பிஸ்டல் வந்துவிட்டது. மற்றவர்கள் உதைப்பு குறைவான சிறிய .22 தோட்டாவைச் சுடும் பிஸ்டலில் பழகி, பிறகு முழு அளவிலான 9 மி.மீ. பிஸ்டல்கள் இரண்டு மூன்றைச் சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்த பின்னரே வாங்கலாம்.