எந்த சைடு போகட்டும் சார்?

போன வாரம் கோர்ட் கேன்டீனில் ஒரு ஜூனியர் பெண் என்னிடம் கேட்டாள். வக்கீலாக என்ரோல் ஆகி ஆறு மாதம்தான். கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைப் பட்டையில் கஞ்சி விறைப்பு இன்னும் போகவில்லை. "சார், நான் எந்த சைடு போகட்டும்? கிரிமினலா, சிவிலா, இல்ல ஹைகோர்ட் பெஞ்ச்சுக்கே போயிடட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேசையில் இருந்த மற்றவர்கள் ஆளுக்கொரு வழி சொல்லிவிட்டார்கள். ஒருவர் ஜிஎஸ்டி என்றார். இன்னொருவர் மோட்டார் ஆக்சிடென்ட் கிளெய்ம் என்றார். மூன்றாமவர், "ஃபேமிலி கோர்ட் பாரும்மா, பொம்பளப் பிள்ளைக்கு அதான் வசதி" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது இந்த மூன்றாவதில்தான். ஜீவனாம்ச வழக்கு நடத்துவது லேசான வேலை இல்லை. நல்ல குடும்பநல வழக்கறிஞர்கள் நமக்கு நிறையவே தேவை. ஆனால் ஒரு பெண் வந்து நின்றதும் அவள் கையில் விவாகரத்து வழக்குக் கட்டைத் திணிப்பது, சமையலறையைக் காட்டி "அதோ உன் இடம்" என்று சொல்வதற்கு என்ன குறைச்சல்? அதே மேசையில் ஒரு பையன் கேட்டிருந்தால் "ஒரு செஷன்ஸ் டிரையல் பாருப்பா" என்றிருப்பார்கள், கொலை மாதிரிப் பெரிய வழக்கை.

நான் திருப்பி ஒரே கேள்விதான் கேட்டேன். "வீட்ல எத்தனை வருஷம் தாங்குவாங்க?"

அப்பா கொத்தனாராம். ரெண்டு வருஷம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம்.

என் கணக்கில் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது. "முதல் அஞ்சு வருஷம் எதையும் தேர்ந்தெடுக்காதே, எல்லாத்தையும் கத்துக்கோ" என்று மேடையில் அறிவுரை சொல்லும் சீனியர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமனாரோ வக்கீல். ஆபீஸ் இருந்தது, புத்தக அலமாரி இருந்தது, அதைவிட முக்கியமாக கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, அவர்களுக்கு அது கட்டுப்படியானது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு, ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. அது வந்த அன்று எங்கள் சங்க வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் படங்களாகக் கொட்டின. கைதட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஜூனியருக்கு அதைக் கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, எனக்கும் வக்கீல்களின் பார் ரூமில் உட்கார இடம் வேண்டும்.

மதுரையில் இந்தக் கேள்விக்கு ஒரு பூகோளமும் உண்டு. ஊருக்குள் மாவட்ட நீதிமன்றம். மேலூர் ரோட்டில், யானைமலையைப் பார்த்தபடி உயர் நீதிமன்றக் கிளை. 2004 ஜூலையில் கிளை திறந்ததிலிருந்து, காலையில் வண்டியை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதிலேயே ஒரு ஜூனியரின் தொழில் பாதி முடிவாகிவிடுகிறது. பெஞ்ச்சில் கௌன் போடலாம், அரசை எதிர்த்து ரிட் போடலாம், முன்ஜாமீன் மனு நகர்த்தலாம், சாயங்காலம் ஆர்டர் காப்பியை ஸ்டேட்டஸில் வைக்கலாம். இல்லாத ஒன்று சாட்சிக் கூண்டு. வேலை அநேகமாக முழுக்க அஃபிடவிட்டில், அதாவது எழுதிக் கொடுக்கும் சத்தியப் பிரமாணத்தில்தான். நேராக அங்கே போன கெட்டிக்காரப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் பிளந்து கட்டுவார்கள். ஒரு அப்பீல் கட்டில் இருக்கும் குறுக்கு விசாரணையைக் கொடுத்துப் பாருங்கள். இந்த இடத்தில் அந்த வக்கீல் ஏன் கேள்வியை நிறுத்தினார், அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன விபரீதம் நடந்திருக்கும் என்று பிடிபடாது. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது என்ன? செக் கேஸ். கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் போடுகிற வழக்கு.

மேசையே சிரித்தது. நம் பாரில் செக் கேஸ் வக்கீல் என்றால் ஓர் இளக்காரம் உண்டு, சில்லறைக் குற்றங்களுக்கான பெட்டி கேஸுக்கு அடுத்த படி. ஆனால் செக் கேஸுக்கான, மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவைப் போல ஒரு முழு வழக்கைச் சின்ன உருவத்தில் காட்டும் பள்ளிக்கூடம் வேறு எனக்குத் தெரியவில்லை. ஒரு பாகப்பிரிவினை வழக்கு முதனிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, நிறைவேற்று மனு என்று போய் கோர்ட் அமீனா கையில் முடிவதற்குள் ஜூனியருக்கு நரை தட்டிவிடும், கட்சிக்காரரின் பேரன் வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுவான். செக் கேஸில் நோட்டீஸ், புகார், சாட்சி, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு, அப்பீல் எல்லாம் ஒரே கட்டில், நம் கண் முன்னாலேயே நடந்து முடியும். ஆறு மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆறு மாதமெல்லாம் நடக்கிற காரியமில்லை, ஆனாலும் நரை தட்டாது.

அதோடு தேதி. வழக்கு என்பது தேதி என்று எனக்குப் புரிய வைத்ததே ஒரு செக் கேஸ்தான். 2013, நான் என்ரோல் ஆன மறுவருஷம். செக் திரும்பிய தகவல் பேங்க்கிலிருந்து வந்த முப்பது நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பிறகு பணம் கட்டப் பதினைந்து நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். ஒப்பிக்கச் சொன்னால் தூக்கத்தில்கூட ஒப்பிப்பேன். மூன்றாம் தேதி நோட்டீஸ் அனுப்பினேன். பதினெட்டோடு பதினைந்து நாள் முடிந்தது என்று இருபதாம் தேதி புகாரைத் தாக்கல் செய்தேன். கோர்ட்டிலிருந்து புகார் ரிட்டர்ன் வந்தது. சீனியர் கட்டைப் பிரித்தார். புகாரை அவர் படிக்கவே இல்லை, நேராக, நோட்டீஸ் கிடைத்ததற்கான அக்னாலட்ஜ்மென்ட் கார்டைத் தேடி எடுத்தார். ரோஸ் நிற அட்டையில் கோணல் கையெழுத்து, பக்கத்தில் தேதி: ஒன்பது.

"அவன் கையில கெடச்சது ஒம்போது. நீ அனுப்புனது மூணு. அவனுக்குச் சட்டம் குடுத்த பதினஞ்சு நாளை நீ யாரு குறைக்கிறதுக்கு?"

இருபத்து நான்கு வரை அவகாசம், இருபத்தைந்திலிருந்துதான் எனக்கு உரிமையே பிறக்கிறது. அவகாசம் முடியுமுன் போட்ட புகார் புகாரே அல்ல என்று அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் சொன்னது. நல்ல வேளை, கைவசம் நாள் இருந்ததால் புதிதாகப் போட்டுத் தப்பித்தேன். அன்றிலிருந்து எந்தக் கட்டை எடுத்தாலும் முதலில் தேதிகளை டைரியில் வரிசையாக எழுதிவிட்டுத்தான் கதையைப் படிக்கிறேன். இப்போது அந்த ரோஸ் அட்டை வந்த பதிவுத் தபாலும் பழையபடி இல்லை. 2025-ல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

குறுக்கு விசாரணைக்கும் இதைவிட நல்ல களம் கிடையாது. கையெழுத்து என்னுடையது என்று செக் கொடுத்த எதிரி ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் செக் கொடுத்தான் என்று அதே சட்டத்தின் 139-ஆவது பிரிவின்படி கோர்ட் அனுமானித்தாக வேண்டும். அந்த அனுமானத்தை எதிரி கூண்டேறாமலே, புகார்தாரரின் வாயாலேயே உடைக்க முடியும். ஐந்து லட்சம் கைமாற்றுக் கொடுத்தேன் என்கிறீர்களே, அந்த மாதம் உங்கள் வருமானம் என்ன? எந்த அக்கவுண்டிலிருந்து எடுத்தீர்கள்? வருமான வரிக் கணக்கில் காட்டினீர்களா? கையெழுத்து நீல மை, தொகை கருப்பு மை, யார் எழுதியது? மை வேறு என்பதால் மட்டும் கேஸ் விழுந்துவிடாது. அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்து எங்கே போகிறோம் என்பதில்தான் தொழில் இருக்கிறது. இதைக் கற்றவனுக்கு நாளைக்கு ஒரு விற்பனை ஒப்பந்த வழக்கோ மோசடி வழக்கோ அந்நியமாகத் தெரியாது. ஃபீஸ் சின்னது, ஆனால் வரும். ரெண்டு வருஷ அவகாசத்தோடு வந்திருக்கும் பிள்ளைக்கு அது முக்கியம்.

கூடவே சிவிலில் ஒரு கால் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பேங்க் லோனுக்கு லீகல் ஒப்பினியன் எழுதுகிற ஆபீஸ் ஒன்றில் சாயங்காலம் உட்கார்ந்தால் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் எல்லாம் கண்ணுக்குப் பழகும். நம் ஊர் சண்டையில் பாதி அந்த நான்கு காகிதங்களுக்குள்தான் இருக்கிறது.

புதுச் சட்டத்தைப் பிடி என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2016-ல் திவால் சட்டமும் 2017-ல் ஜிஎஸ்டியும் வந்தபோது முதல் வரிசையில் நின்றவர்கள் இன்று கார் மாற்றிவிட்டார்கள். ஆனால் திவால் வழக்கு நடத்த மதுரைக்காரன் சென்னையில் இருக்கும் கம்பெனி தீர்ப்பாயத்துக்கு ரயிலேற வேண்டும். கொத்தனார் மகளுக்கு அந்த ரயில் டிக்கெட்டை யார் எடுப்பது? சட்டம் மாறவும் மாறும். 2014-ல் செக் எந்த பேங்க்குடையதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் கேஸ் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, கட்டுகளை மூட்டை கட்டினோம். 2015-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்த, அதே மூட்டையைப் பிரித்தோம். 2024 ஜூலை 1-ல் புதுத் தண்டனைச் சட்டம் வந்து, கொலைக்கான 302-ஆவது பிரிவு 103 ஆனது, நாற்பது வருஷம் எண்களை மனப்பாடமாக வைத்திருந்த சீனியர்கள் எங்களைப் போலவே புத்தகத்தைப் புரட்டினார்கள். குறுக்கு விசாரணை மட்டும் அன்றைக்கும் பழையபடியேதான் நடந்தது.

இதற்கெல்லாம் நடுவில் 2025 மே மாதத் தீர்ப்பு வேறு. சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷம் பிராக்டிஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் சில பிள்ளைகள் இந்த மூன்று வருஷத்தை பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதைப் போலக் கழிக்கிறார்கள், வக்காலத்தில் பெயர் இருந்தால் போதும் என்று. நாளைக்கு இவர்கள் முன்னால் நின்று வாதாடப் போகும் எனக்கு அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது பிடித்ததா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை எனக்கு ஒரு செக் கேஸில் குறுக்கு இருக்கிறது, வந்து பின் வரிசையில் உட்காரும்மா, டைரி எடுத்துட்டு வா என்றேன்.

"டைரியா சார்? ஃபோன்ல குறிச்சுக்கிட்டா ஆகாதா?"