போபோ பொம்மை ஆய்வில் டிவி இல்லை

டிவியில் அடிதடி பார்த்த குழந்தைகள் வளர்ந்ததும் வன்முறையாளர்களாக மாறினார்கள், இதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1961-லேயே நிரூபித்துவிட்டார் என்று ஒரு பதிவு சுற்றிவருகிறது. பலரும் அப்படியே பகிர்வதால் ஒரு சின்னத் திருத்தம்.

அந்த 1961 ஆய்வில் டிவியே கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 குழந்தைகள் அதில் இருந்தார்கள். அவர்களில் 24 பேர் முன்னால், ஓர் ஆள் நேரிலேயே போபோ என்ற காற்றடைத்த பொம்மையை மரச்சுத்தியலால் அடித்தார், உதைத்தார். (தள்ளினால் தானே எழுந்து நிற்கும் பொம்மை அது. அடி வாங்கவே செய்தது போல இருக்கும்!) இன்னொரு 24 பேர் அமைதியாக விளையாடிய ஆளைப் பார்த்தார்கள். மீதி 24 பேருக்கு யாரையும் காட்டவில்லை. அப்புறம் ஒவ்வொரு குழந்தையையும் வேறு அறையில் 20 நிமிடம் கவனித்தார்கள். அடித்ததைப் பார்த்தவர்கள் அதைக் கணிசமாகப் பின்பற்றினார்கள். அவ்வளவுதான். இந்தக் குழந்தைகள் பெரியவர்களானதும் என்ன ஆனார்கள் என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை.

திரைப்படமும் கார்ட்டூனும் வந்தது 1963-இல், 96 குழந்தைகளோடு நடந்த அடுத்த ஆய்வில். அதிலும் அளந்தது உடனடி நடத்தையைத்தான். இரண்டும் ஒன்றாகக் கலந்து பரவுவது புரிந்துகொள்ளக்கூடியதே.

சரிபார்க்க விரும்பினால் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத் தளத்தில் 1961 கட்டுரை முழுமையாக, இலவசமாகக் கிடைக்கிறது. பண்டூரா, போபோ, யார்க் என்று தேடினாலே போதும். செய்முறைப் பகுதியை மட்டும் படியுங்கள், பத்து நிமிட வேலை.