மேற்பார்வை நீங்கவில்லை

“ஆஸ்திரேலியாவில் என்ரோல்டு நர்ஸ் (டிப்ளமோ நிலைச் செவிலியர்) இனி யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் பணிசெய்ய அனுமதி கிடைத்துவிட்டது” என்று மேலே ஒருவர் எழுதியிருப்பது தவறு, நண்பர்களே. அந்நாட்டுச் செவிலியர் வாரியத்தின் பணித்தரங்கள் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி என்ரோல்டு நர்ஸ், அவருக்கு மேல்நிலைச் செவிலியரான ரெஜிஸ்டர்டு நர்ஸின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். அது நேரடியாகவோ மறைமுகமாகவோ இருக்கலாம். மறைமுகம் என்றால், மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்று கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அதே நிறுவனத்தில் இருந்து, தேவைப்படும்போது அணுகக்கூடியவராக இருக்க வேண்டும். குழப்பம் இங்கேதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். மருந்து கொடுக்கத் தகுதி பெற்றிருந்தாலும் இந்த விதி மாறாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் செவிலியர் படிப்பு முடித்த பிள்ளைகள் ஆஸ்திரேலியா செல்ல வீட்டு நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள். புறப்படுவோர் வாரியத்தின் இணையதளத்தை நேரடியாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.