ஜாம்பவான் கடலைத் தாண்டவில்லை

நம் கால்பந்துக் கிளப்பின் பாராட்டு விழாவில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாட்களாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று இரவு அந்த ஃபிளெக்ஸ் படத்தை ஒரு தம்பி மறுபடியும் பகிர்ந்து, "நம் கிளப்பின் ஒரே ஜாம்பவான்" என்று எழுதியிருந்தார். மேலே மூன்று நெருப்புப் படங்கள் வேறு. நெருப்பைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த "ஒரே" என்ற சொல்தான் தூங்கவிடவில்லை.

விழாவுக்கு வந்தவர்களுக்கு நான் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். வராதவர்களுக்குப் பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்பதாம் எண் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொன்னாடை, ஆளுயர மாலை, வெள்ளிக் கேடயம், இருபது நிமிட வாழ்த்துரை. நானும் கைதட்டினேன், இல்லையென்று சொல்லவில்லை. தட்டும்போது பார்வை தானாகக் கார்னர் கொடிப் பக்கம் போனது. அங்கே கீப்பர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். காலடியில் சுண்ணாம்பு வாளி, முழங்கால் வரை வெள்ளைத் தூள். அன்று காலை ஆறரை மணிக்கு, புல்லில் பனி காயும் முன்பே வந்து கோடு போட்டவர் அவர். முன்வரிசையில் சோபா போட்டவர்கள், கிளப்புக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் கோல் கம்பத்துக்கு நடுவே நின்ற மனிதருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடவில்லை. மேடையில் அவர் பெயரை ஒருமுறை சொன்னார்கள். வலை கட்டிக் கொடுத்ததற்காக நன்றியுரையில், ஒலிபெருக்கிக்காரர் பெயருக்கு அடுத்ததாக.

சரி, பேசுவோம். ஜாம்பவான் என்றால் யார்?

கோல் கணக்குதான் அளவுகோல் என்கிறார்கள் நம் தம்பிகள். ஒன்பதாம் எண் அண்ணன் இரண்டே ஆண்டுகளில் முப்பத்தொரு கோல் போட்டவர். உண்மை. அந்த முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன். வெலிங்டன் ராணுவ அணிக்கு எதிராக இடது காலால் அவர் அடித்த அந்தக் கோலை இன்றும் கண்ணை மூடினால் பார்க்கலாம். திறமையைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை.

ஆனால் கோல்தான் கணக்கு என்றால் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி ரசிகர்களிடம் போய் மைக்கேல் ஓவனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 297 ஆட்டங்களில் 158 கோல். 2001 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஆர்சனலிடம் தோற்றுக்கொண்டிருந்த அணியைக் கடைசி ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து ஒற்றை ஆளாகக் கரைசேர்த்தவர். அதே ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது. இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? 2004இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அடுத்த மே மாதம் லிவர்பூல் அவர் இல்லாமலேயே இஸ்தான்புல்லில் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூகாஸில் அணியின் சட்டையில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்துக்கு வந்தவரைப் பார்த்து அரங்கமே பாடியது: "இஸ்தான்புல்லில் நீ எங்கே இருந்தாய்?" பிறகு 2009இல் லிவர்பூலின் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே சேர்ந்தார். அதோடு கதை முடிந்தது.

கவனியுங்கள். "எத்தனை கோல் அடித்தாய்" என்று யாரும் கேட்கவில்லை. எங்கே இருந்தாய் என்றுதான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இஸ்தான்புல் என்று எழுதியதும் கை இங்கே நின்றுவிட்டது. அந்த ஆட்டத்தைக் கீப்பர் அண்ணன் வீட்டில்தான் பார்த்தேன். நம் நேரப்படி 2005 மே 26, நள்ளிரவு பன்னிரண்டே காலுக்குத் தொடக்கம். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப்பணியை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஒன்பது பேர், ஒரு சிறிய அறை, ஆளுக்கொரு கம்பளி. முதல் நிமிடத்திலேயே எதிரணியான ஏ.சி. மிலானின் மால்டினி கோல் போட்டார். இடைவேளைக்குள் கிரெஸ்போ இரண்டு. மூன்றுக்குப் பூஜ்யம். ஆறு பேர் எழுந்து போய்விட்டார்கள். காலையில் இலை பறிப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது என்று ஆளுக்கொரு காரணம். நானும் செருப்பைத் தேடினேன். அண்ணன் அடுப்பில் கட்டஞ்சாயா வைத்தபடி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இன்னும் நாற்பத்தைந்து நிமிடம் இருக்கிறது. கீப்பர் எழுந்து போக முடியுமா?"

உட்கார்ந்தேன். ஜெரார்ட், ஸ்மிட்சர், அலோன்சோ. லிவர்பூலுக்கு ஆறு நிமிடத்தில் மூன்று கோல். தேநீர் ஆறிப்போனது.

அன்று அண்ணன் பார்த்தது ஜெரார்டை இல்லை, லிவர்பூல் கோல்கீப்பர் டுடெக்கை. கூடுதல் நேரத்தின் கடைசியில் மிலானின் ஷெவ்சென்கோ தலையால் முட்டியதைத் தடுத்து, திரும்பி வந்த பந்தை மிக அருகிலிருந்து அவர் உதைத்ததையும் கையால் தட்டிவிட்டாரே, அந்தக் கணத்தில் அண்ணன் தன் இரண்டு கைகளையும் தூக்கித் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெனால்டிக்கு முன் லிவர்பூல் தடுப்பாட்டக்காரர் காரகர் ஓடிவந்து டுடெக்கின் தோளைப் பிடித்து ஏதோ கத்தினார். 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அப்போதைய லிவர்பூல் கீப்பர் க்ரோபலார் கால்களை ஆட்டி ரோமா ஆட்டக்காரர்களைக் குழப்பியதுபோல் நீயும் ஆடு என்று சொன்னதாகப் பிறகு படித்தோம். டுடெக் ஆடினார். பிர்லோவையும் ஷெவ்சென்கோவையும் தடுத்தார். கோப்பை வந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஜாம்பவான் என்று ஃபிளெக்ஸில் அச்சடிக்கிறோமே, யார் அவர் என்று அச்சடித்தவர் யோசித்தாரா? கதையில் அவர் ஒரு கிழட்டுக் கரடி. (நம் ஊரில் கரடி என்றால் இரவில் கடைக் கதவை உடைத்து எண்ணெய் குடிக்க வருவது மட்டும்தான் நினைவுக்கு வரும்.) கடலைத் தாண்டியது அனுமன். ஜாம்பவான் தாண்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, தன் பலம் தனக்கே மறந்துபோய் ஓரமாக உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, உன்னால் முடியும் என்று நினைவூட்டி அனுப்பியவர். அவ்வளவுதான் அவர் செய்தது. டுடெக்கின் தோளைப் பிடித்துக் கத்திய காரகர்தான் ஜாம்பவான். சிறுவயதில் லிவர்பூலின் உள்ளூர் எதிரியான எவர்ட்டனின் ரசிகராக இருந்தவர், லிவர்பூலுக்கு 737 ஆட்டம் ஆடினார், வேறு கிளப் சட்டையே போடவில்லை. கோல்? சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. சொந்தக் கோலில் அடித்ததை எண்ணினால் கொஞ்சம் தேறும்.

நம் ஃபிளெக்ஸில் அனுமன் படத்தைப் போட்டு ஜாம்பவான் என்று எழுதியிருக்கிறோம். ஆனால் இந்த அனுமன் பாதிக் கடலிலேயே வேறு கரைக்குத் திரும்பிவிட்டவர். அதற்கு வருகிறேன்.

"வயிற்றுப்பாட்டுக்காகப் போனவரைக் குறை சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டு ஒவ்வோர் ஆண்டும் போராட வேண்டியிருக்கும் ஊரில் பிறந்தவன், பிழைக்கப் போனவரை எப்படிக் குறை சொல்வேன்? போவது குற்றமே இல்லை. அர்ஜென்டினாவின் கோல் வேட்டைக்காரர் பாடிஸ்டுடாவும் போனார். 1993இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர அணியான ஃபியோரெண்டினா கீழ்ப் பிரிவுக்கு இறங்கியபோது கூடவே இறங்கி, மேலே கொண்டுவந்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்து 2000இல்தான் ரோமாவுக்குப் போனார். அங்கே பழைய அணிக்கு எதிராகக் கோல் போட்டதும் அழுதார். ஃபுளோரன்ஸ் நகரம் அவரை இன்றும் தலையில் வைத்திருக்கிறது. கூடலூர் நண்பர் ஒருவர் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் ரசிகர், அவர் உடனே அங்கே ஆடிய இயான் ஹியூமைச் சொல்வார். ஹியூம் கொல்கத்தாவுக்குப் போனார், இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார், 2018 ஜனவரியில் டெல்லிக்கு எதிராகத் தலையில் கட்டோடு மூன்று கோல் போட்டார். கேரளத்தில் அவர் இன்றும் ஹியூமேட்டன், அதாவது ஹியூம் அண்ணன். போனவரையும் மன்னிப்பார்கள். எப்படிப் போனார், எப்படித் திரும்பினார் என்று பார்ப்பார்கள்.

நம் ஒன்பதாம் எண் அண்ணன் எப்படிப் போனார்? இறுதி ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார். மலப்புறம் பக்கம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு அதிகப் பணம் தருகிறார்கள் என்று முந்தைய நாள் இரவே கூடலூர் பஸ் ஏறிவிட்டார். கைப்பேசி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. பத்து மணி வரை மைதான வாசலில் அவருக்காகக் காத்திருந்தது கீப்பர் அண்ணன். அன்று பனிமூட்டம் எப்படி இருந்தது என்றால், நம் கோலிலிருந்து நடுக்கோடு தெரியவில்லை. பந்து வெள்ளையிலிருந்து திடீரென்று பிறந்து வரும். அண்ணன் சத்தத்தை வைத்துத்தான் நின்றார், உதைபடும் ஓசை எந்தப் பக்கம் என்று காதைச் சாய்த்துக்கொண்டு. இரண்டாம் பாதியில் சுண்டுவிரல் மூட்டு விலகியது. பக்கத்து விரலோடு சேர்த்து, சைக்கிள் டியூபை வெட்டிய ரப்பர் பட்டையால் கட்டிக்கொண்டு திரும்பவும் நின்றார். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். அந்த விரல் இன்றும் நேராகாது. சுண்ணாம்பு வாளியின் பிடியைப் பிடிக்கும்போது அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

அடுத்த ஆண்டு ஒன்பதாம் எண் அண்ணன் வந்தார், எதிரணிக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆட. நம் மேல் இரண்டு கோல் போட்டார். போடட்டும், அது ஆட்டம். போட்டுவிட்டு நம் பெஞ்சுக்கு முன்னால் ஓடிவந்து காதில் கை வைத்துக்காட்டினார். நான் அந்தப் பெஞ்சில் இருந்தேன். பதினைந்து ஆண்டு ஆகிவிட்டது, மறந்துவிடு என்கிறார்கள். மறந்துதான் இருந்தேன். நீங்கள்தான் அதே கை, அதே காது இருக்கும் பழைய படத்தைத் தேடிப்பிடித்து எட்டடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துவைத்தீர்கள். அந்தப் படத்தில் அவர் போட்டிருப்பது நம் சட்டையே இல்லை என்பதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லையா?

அடுத்த கேள்வியும் தெரியும். "உன் கீப்பர் என்ன கோப்பை வாங்கிக் கொடுத்தார்?" ஒன்றும் இல்லை. ஜெரார்ட் லிவர்பூலுக்கு 710 ஆட்டம் ஆடி ஒரு லீக் பட்டத்தைக்கூடத் தொடவில்லை, 2014இல் கைக்கு வந்ததையும் வழுக்கி விழுந்து விட்டார் என்றுதான் எதிரணிக்காரர்கள் இன்றுவரை பாடுகிறார்கள். டாட்டி ரோமாவில் இருபத்தைந்து பருவங்கள் ஆடி வென்ற லீக் பட்டம் ஒன்றே ஒன்று. 2017இல் அவர் விடைபெற்றபோது அரங்கில் முதியவர்கள் குழந்தைபோல் அழுதார்கள். கோப்பையை எண்ணியா அழுதார்கள்?

"லிவர்பூலையும் ரோமாவையும் நம் மேட்டு மைதானத்தோடு ஒப்பிடுகிறாயே, வேடிக்கையாக இல்லையா?" இருக்கலாம். மே மாதம் ஆனால் பாதி மைதானத்தில் சுற்றுலா வேன் நிறுத்துகிறார்கள், அந்த அளவில்தான் இருக்கிறோம். ஆனால் ஃபிளெக்ஸ் மட்டும் ஆன்ஃபீல்டு அளவுக்கு அடிக்கிறோமே.

இன்னொன்று, உள்பெட்டியில் ஒருவர் கேட்டது: "அவர் உன் உறவினர், அதனால்தானே?" என் அண்ணியின் பெரியம்மா வழியில் தூரத்து உறவு. இந்த மலையில் அப்படிப் பார்த்தால் ஒன்பதாம் எண் அண்ணனும் எனக்கு ஏதோ ஒரு முறை வரும். மூன்று ஆண்டு மாற்றுக் கீப்பராகப் பெஞ்சில் உட்கார்ந்து, மொத்தம் நான்கு ஆட்டம் ஆடியவன் நான். அந்த நான்கிலும் எனக்குக் கையுறை கொடுத்துவிட்டுக் கோலுக்குப் பின்னால் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "முன்னால் வா, முன்னால் வா" என்று கத்தியவர் அவர். உறவு என்றால் அதுதான் உறவு.

டுடெக்கைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இஸ்தான்புல் முடிந்த கையோடு லிவர்பூல் வேறு கீப்பரைக் கொண்டுவந்து இவரை உட்காரவைத்தது. பிறகு ரியல் மாட்ரிட்டில் முதல் கீப்பர் காசியாஸுக்குப் பின்னால் நான்கு ஆண்டு பெஞ்ச். ஆடியது விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள். 2011 மே மாதம் அவருடைய கடைசி ஆட்டத்தில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவரை மாற்றினார்கள். மாட்ரிட் ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். உலகத்தின் பணக்காரக் கிளப்புக்கு, ஒரு மாற்றுக் கீப்பருக்காக வரிசையில் நிற்கத் தெரிந்திருக்கிறது. நமக்கு ஒரு நாற்காலி.

இதைப் படித்துவிட்டு அண்ணன் என்னைத் திட்டுவார். நேற்று அந்த ஃபிளெக்ஸ் படத்துக்கு முதலில் விருப்பக்குறி போட்டு, "வாழ்த்துகள் தம்பி" என்று எழுதியதும் அவர்தான். அதையும் எனக்கு எதிராகக் காட்டுவீர்கள், காட்டுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டம் இருக்கிறதாம். வலையும் கோடு போடும் கயிறும் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கின்றன. நிர்வாகத்திலிருந்து போன் வந்ததாம், ஆறரைக்கு வந்துவிடுகிறேன் என்றாராம். நான் இனி அந்த மைதானத்தில் கால் வைக்கமாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை இரவு வீட்டில் சத்தம் போட்டிருந்தேன். ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.