கடைசி ஆறு பேர் மட்டும்தான் ஆடினார்களா?

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் நீண்ட ஆட்டம் என்பது ஏறத்தாழ நான்கு நிமிடம். ஒரு வீராங்கனையின் அந்த நான்கு நிமிடத்தைக் காட்ட நேரமில்லாத ஒரு தொலைக்காட்சிக்கு, அதே ஒளிபரப்பில் பனித்தளத்தைச் செப்பனிடும் வண்டி மெல்ல வட்டமடிப்பதை நேரலையாகக் காட்ட மட்டும் தாராளமாக நேரம் இருந்தது. வண்டி சுற்றிக்கொண்டிருக்க, ஒலிவாங்கியுடன் அமர்ந்திருந்த மூவர், முன்னணி ஆறு பேர் ஆடும் கடைசிக் குழுவில் ஆடவிருந்த ஒரு வீராங்கனையின் உடை சென்ற மாதம் நீலமாக இருந்ததா ஊதாவாக இருந்ததா என்று விவாதித்தார்கள்.

டொராண்டோவில் எங்கள் வட்டாரத்து மாநகராட்சித் தளத்தில் என் மகள் மூன்று ஆண்டுகளாகப் பயிற்சி எடுக்கிறாள். ஆகவே எங்கள் வீட்டில் இந்தப் போட்டிகளைப் பார்ப்பது பொழுதுபோக்கு என்பதைத் தாண்டிவிட்டது. அன்று அவள் காத்திருந்தது முன்னணியில் இருப்பவருக்காக அல்ல. தன் நாட்டிலிருந்து தனி ஒருவராக வந்து, முதலில் நடக்கும் குறு ஆட்டத்தில் தட்டுத்தடுமாறி, நீண்ட ஆட்டத்துக்குச் செல்லும் இருபத்து நான்கு பேருக்குள் நுழைந்திருந்த ஒருவருக்காக. பெயரை அறிவித்தார்கள். அவர் தளத்தின் நடுவே சென்று கைகளை விரித்து நின்றார். விளம்பரம் வந்தது. ஒரு சரக்கு வண்டி மலையேறியது, ஒரு காப்பீட்டு நிறுவனம் எங்கள் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டது, ஒரு பீட்சாவிலிருந்து பாலாடைக்கட்டி நூலாக நீண்டது. திரும்பி வந்தபோது அந்தப் பெண் மூச்சு வாங்கியபடி பயிற்சியாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண்ணுக்குக் காத்திருந்தார். அவர் ஆடியதற்குச் சான்றாக ஒரே ஒரு காட்சியை மெதுவோட்டத்தில் இரண்டு முறை காட்டினார்கள்: அவர் விழுந்த காட்சி. "அப்பா, அவங்க விழுந்தது மட்டுந்தான் ஆட்டமா?" என்று என் மகள் கேட்டாள். நான் ரிமோட்டை மேசைமேல் வைத்த ஓசை சமையலறை வரை கேட்டிருக்கும்.

விளம்பரம் இல்லாமல் ஒளிபரப்பு நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த விளையாட்டைப்போல விளம்பரத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த விளையாட்டு வேறொன்று உண்டா? ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஆறு நிமிடப் பயிற்சி ஓட்டம் இருக்கிறது. நடுவே தளத்தைச் செப்பனிடும் இடைவேளை இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நடுவர்கள் கணக்குப் போடும் நேரம் இருக்கிறது. இத்தனையையும் விட்டுவிட்டு, ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்து உருவாக்கிய நான்கு நிமிடத்தின்மேல்தான் கத்தரி விழ வேண்டுமா? அந்தக் கத்தரி கடைசிக் குழுவின் ஆறு பேரில் எவர்மீதும் ஒருநாளும் விழுவதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சலைக் கூட்டுகிறது.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பதில் எனக்குத் தெரியும்: பின்வரிசையில் கதை இல்லையாம். உலகச் சாம்பியன்ஷிப் போட்டிக்கு ஒரே ஒருவரை அனுப்பும் நாட்டுக்கு அவர் முதல் பத்து இடத்துக்குள் வந்தால்தான் அடுத்த ஆண்டு இரண்டு பேரை அனுப்பும் உரிமை கிடைக்கும். அதாவது பத்தாம் இடத்துக்கும் பதினொன்றாம் இடத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு மதிப்பெண்ணிலோ அரை மதிப்பெண்ணிலோ, ஊரில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு இளையவரின் வாய்ப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆண்டென்றால் பெரும்பாலான ஒலிம்பிக் இடங்களும் அந்தப் போட்டியில் பிடிக்கும் இடத்தில்தான் அடங்கியிருக்கின்றன. 2021இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் மெக்சிகோவின் டோனோவன் காரியோ பிடித்தது 20ஆம் இடம். அந்த இடம்தான் அவருடைய நாட்டுக்கு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் கதவைத் திறந்தது. மேலே மூன்று பேர் தங்கத்துக்குப் போராடியதைவிட இது எந்த வகையில் குறைந்த நாடகம் என்று எனக்கு யாராவது விளக்கினால் தேவலை. வர்ணனையாளர்கள் இந்த விதியை வாய் திறந்து சொன்னால்கூடப் போதும், பார்ப்பவர்கள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார்கள்.

கதை கிடைத்தால் மட்டும் என்ன செய்கிறார்கள்? ஒரே அச்சில் வார்க்கிறார்கள். பிலிப்பைன்சின் மைக்கேல் கிறிஸ்டியன் மார்ட்டினெஸ் 2014இல் சோச்சிக்குப் போனபோது வெப்பநாட்டுச் சிறுவன், வணிக வளாகத்தில் பயிற்சி என்று எழுதினார்கள். மலேசியாவின் ஜூலியன் யீ 2018இல் பியோங்சாங்குக்குப் போனபோதும் வணிக வளாகம். 2022இல் காரியோவுக்கும் அதே வணிக வளாகம். கடைக்கு வந்தவர்களுக்கு நடுவே பயிற்சி செய்தார் என்பதைப் படிக்காதவர் இருக்க மாட்டார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் சாண்டானாவின் இசைக்கு ஆடிய அந்தக் குறு ஆட்டத்தில் அவர் குவாட் சால்கோ, அதாவது காற்றில் நான்கு சுற்றுச் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் தாவலை, முழுதாக முடித்தார் என்பதையும், ஒலிம்பிக்கில் நீண்ட ஆட்டத்துக்குள் நுழைந்த முதல் மெக்சிகோ ஆண் வீரர் ஆனார் என்பதையும் அந்த வணிக வளாகக் கட்டுரைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் எங்கே பழகினார் என்பதில் காட்டிய அக்கறையில் பாதியை, பழகியதை எப்படி ஆடினார் என்பதில் காட்டியிருக்கலாம்.

ஜூலியன் யீயைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. பியோங்சாங்கில் குறு ஆட்டம் முடிந்தபோது அவர் நின்றது 25ஆம் இடத்தில். நீண்ட ஆட்டத்துக்குச் செல்வோர் 24 பேர். ஒரே ஒரு படியில் தவறிப்போய், மலேசியாவின் முதல் ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டர் பெட்டியைக் கட்டினார். நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில், ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியும் போட்டியில் தொடர அனுமதிக்கப்பட்ட ரஷ்யாவின் கமீலா வலியேவா குறு ஆட்டத்தில் முதலிடம் பிடித்தார். அவருடைய முடிவு உறுதியற்றது என்பதால் அந்த ஒரு முறை மட்டும் 25 பேர் நீண்ட ஆட்டத்துக்கு அனுமதிக்கப்பட்டார்கள். 25ஆவதாக நின்று உள்ளே வந்தவர் பின்லாந்தின் யென்னி சாரினென். 2018இல் வீட்டுக்கு அனுப்பிய அதே எண் 2022இல் ஒருவரை ஆட வைத்தது. எழுதத் தெரிந்தவர் கையில் கிடைத்தால் இது எப்பேர்ப்பட்ட கதை! அன்று அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து காப்பியும் கையுமாக உட்கார்ந்தேன். வலியேவாவின் வழக்கு, மாதிரி, பயிற்சியாளர், வழக்கறிஞர் என்று காதில் விழுந்துகொண்டே இருந்தது. சாரினென் பற்றி எனக்குக் கேட்டது ஒரு வாக்கியம், அதிலும் அவருடைய பெயரைவிட வலியேவாவின் பெயர்தான் முன்னால் வந்தது.

இந்தக் கெட்ட பழக்கம் புதிதல்ல. 1994 ஜனவரியில் டெட்ராய்ட்டில் அமெரிக்க வீராங்கனை நான்சி கெரிகனின் காலில் ஒருவன் தாக்கியதிலிருந்து, அதில் சந்தேகிக்கப்பட்ட சக வீராங்கனை டோனியா ஹார்டிங்கின் வீட்டு வாசலில் கேமராக்கள் குடியிருந்தன. அடுத்த மாதம் நடந்த லில்லஹாமர் ஒலிம்பிக்கைப் பற்றி இன்று யாரைக் கேட்டாலும் இந்த இரண்டு பெயர்கள்தான் வரும். ஹார்டிங் பிடித்தது எட்டாம் இடம் என்பதுகூடப் பலருக்கு நினைவிருக்காது. அதே போட்டியில் சீனாவின் சென் லூ வெண்கலம் வென்றார். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் சீனாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. முழங்கால் அடிக்கு ஒதுக்கிய நேரத்தில் நூறில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அடுத்த மாதமே ஜப்பானின் சிபாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் ஜோடிப் பிரிவில் வென்றவர்கள் ரஷ்யாவின் எவ்கேனியா ஷிஷ்கோவாவும் வதீம் நவுமோவும். ஹார்டிங் வழக்கின் இரைச்சலில் அந்த வெற்றி அமெரிக்காவில் யார் காதில் விழுந்திருக்கும்? பின்னர் அவர்கள் அந்த நாட்டிலேயே குடியேறி, பாஸ்டனில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 2025 ஜனவரி 29 அன்று, விச்சிட்டாவில் இளம் வீரர்களுக்கான பயிற்சி முகாமை முடித்துத் திரும்பியவர்களை ஏற்றி வந்த விமானம் வாஷிங்டன் அருகே ராணுவ ஹெலிகாப்டருடன் மோதி 67 பேர் இறந்தார்கள். அவர்களில் 28 பேர் இந்த விளையாட்டைச் சேர்ந்தவர்கள்; ஷிஷ்கோவாவும் நவுமோவும் அவர்களில் இருவர். அதற்கடுத்த நாட்களில் 1994ஆம் ஆண்டின் அந்த ஜோடி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முகாமுக்குப் போயிருந்த சிறார்களின் சுழல்களும் தாவல்களும் முழுதாக, விளம்பரம் குறுக்கிடாமல், அடக்கமான குரலில் அறிமுகத்தோடு காட்டப்பட்டன. முழு ஆட்டத்தையும் காட்ட இவர்களுக்குத் தெரிகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகள் உயிரோடு ஆடிக்கொண்டிருந்தபோது இந்தத் திறமையெல்லாம் எங்கே போயிருந்தது?

விளம்பரத்தில் காணாமல் போன அந்த ஆட்டத்தை நாங்கள் இரண்டு நாள் தேடினோம். கடைசியில், அரங்கின் மேல்வரிசையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளி கிடைத்தது. படம் ஆடிக்கொண்டே இருந்தது. இசையைவிடப் பக்கத்து இருக்கைக்காரரின் இருமல் உரக்கக் கேட்டது. இரண்டாம் நிமிடத்தில் விழுந்தவர் எழுந்து, ஒரு துடிப்புகூடத் தவறாமல் இசையைப் பிடித்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டு மறு மூலைக்கு வந்து லுட்ஸ் தாவலுக்குப் பின்னோக்கி வளைந்தார். சரியாக அந்த நேரத்தில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அவருடைய கம்பளித் தொப்பி திரையை அடைத்துக்கொண்டது. தொப்பி விலகியபோது அந்த வீராங்கனை ஒற்றைக் காலில் வழுக்கிச் சென்றுகொண்டிருந்தார், கைதட்டல் கேட்டது. என் மகள் அந்த இடத்தை நாலைந்து முறை பின்னுக்கு இழுத்து, தொப்பிக்குப் பின்னால் எத்தனை சுற்று என்று விரல்விட்டு எண்ணப் பார்த்தாள்.