முதலைக்காய்

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். இனி யாரும் அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. நேற்றுக் காலையிலிருந்து பதினேழு பேர் அனுப்பிவிட்டீர்கள். அதில் மூன்று பேர் சொந்தக்காரர், ஒருவன் என் கூடப்பிறந்த தம்பி. அவனிடம் பிறகு வருகிறேன்.

கிளிநொச்சிச் சந்தையில் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றவருக்கு அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லைப் போல. எங்களைப் போல வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பத்து வயதுப் பொடியனை மறித்து, மரக்கறியைக் காட்டி இது என்ன அது என்ன என்று கேட்கிறார். கத்தரிக்காய் சொன்னான். வெண்டிக்காய் சொன்னான். பாவற்காயைக் கையில் கொடுத்ததும் பிள்ளை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான், முதுகைத் தடவுகிறான், பிறகு "முதலைக்காய்" என்கிறான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குச் சிரிப்புச் சத்தம் போட்டு, சோக இசை போட்டு, தமிழைத் தொலைத்த தலைமுறை என்று தலைப்பும் வைத்தாயிற்று. கீழே வந்த ஏச்சில் பாதி தாய்க்கு. "லிப்ஸ்டிக் பூச நேரம் இருக்கு, தமிழ் சொல்லிக் குடுக்க நேரமில்லை" என்று ஒருவர். அதற்கு நானூறு லைக்.

தமிழ் தெரியாத பிள்ளைக்கு முதலைக்காய் என்ற சொல் வருமா? முதலையும் தெரிந்திருக்கிறது, காயும் தெரிந்திருக்கிறது, இரண்டையும் ஒட்டவும் தெரிந்திருக்கிறது. எனக்கு நாற்பது வயது, பாவற்காயை எத்தனையோ தரம் அரிந்திருக்கிறேன், ஒரு நாளும் அதில் முதலையைக் கண்டதில்லை.

சரி, அந்த லிப்ஸ்டிக் ஐயாவுக்கு வருகிறேன். நேரமில்லை என்று நக்கலுக்கு எழுதினீர்கள், ஆனால் அதுதான் உண்மை. எங்களிடம் நேரம் இருக்கவில்லை. அதை விற்றுவிட்டோம். விற்ற காசு எங்கே போனது என்று பார்க்க விரும்பினால் எங்கள் ஊர் விசுவமடுவில் றோட்டால் நடந்து போய் இரண்டு பக்கமும் ஓட்டுக் கூரைகளைப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். இவர் சுவிஸில் ஒரு உணவகத்துக் குசினியில் வேலை. காலை பத்துக்குப் போனால் மத்தியானம் இரண்டரைக்கு விடுவார்கள், ஐந்துக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள், இரவு பதினொன்றுக்குத்தான் கை கழுவலாம். நான் விடியப்புறம் நாலே முக்காலுக்கு ஒரு அலுவலகம் துப்புரவாக்கப் போவேன். பிள்ளைகளுக்கு நித்திரையில் ஒரு கொஞ்சல், அவ்வளவுதான். அங்கே மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடும், அதற்குள் ஓடிவந்து சமைக்க வேண்டும், பின்னேரம் அடுத்த வேலை. சனிக்கிழமைதான் தமிழ்ப்பள்ளி. சனிக்கிழமைதான் உணவகங்களில் கூட்டமும். இதில் எதைப் பிடிப்பது, எதை விடுவது?

"யார் உங்களைப் போகச் சொன்னது?" இதை எழுதப் போகிறவர்கள் இப்போதே தட்டிக்கொண்டிருப்பீர்கள், தெரியும். 2009 மேயில் யுத்தம் முடிந்தபோது நாங்கள் இரண்டு பையோடு வெளியே வந்தோம். பிறகு செட்டிகுளம் முகாம். பிறகு வெறும் காணியில் தகரக் கொட்டில். 2011இல் மூத்தவன் பிறந்து நாற்பது நாளில் இவர் போனார். ஏன் போனார் என்று வன்னியில் இருக்கிற ஒருவருக்கும் நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேறு இடத்தில் இருந்து கேட்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தவும் போவதில்லை. 2013இல் எஃப் விசா கொடுத்தார்கள். அதாவது தற்காலிகமாக இரு என்று அர்த்தம். அந்த விசாவில் குடும்பத்தைக் கூப்பிட அப்போது மூன்று வருடம் பொறுக்க வேண்டியிருந்தது, அதற்கும் அரசாங்க உதவிப்பணம் எடுக்காமல் சொந்த உழைப்பில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது, ஆட்களுக்கு அளவான வீடும் காட்ட வேண்டியிருந்தது. 2016இல் நாங்கள் போய் இறங்கியபோது மகனுக்கு ஐந்து வயது, எயாப்போட்டில் "அப்பா" என்று சொல்லிக் காட்டிய ஆளைப் பார்த்து என் பின்னால் ஒளிந்தான். ஸ்கைப்பில் பார்த்த அப்பா சின்னன், இவர் பெரிசாம்.

அந்த ஐந்து வயதில் அவன் சுத்த விசுவமடுத் தமிழ் கதைத்தவன். கோழியைத் துரத்திக்கொண்டு ஊர் முழுக்கக் கேட்கக் கத்துவான். அங்கே கின்டர்கார்டனில் விட்டேன், ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. வெளிச்சத்தில் மின்னுகிற முக்கோணப் பட்டி ஒன்றைக் கழுத்தில் மாட்டி, தனியாக நடந்து வர விடுங்கள் என்று ரீச்சர் சொன்னா. செல்லடிக்குள் ஓடித் திரிந்த எனக்கு ஒரு பிள்ளையைத் தனியாக விடுவது என்றால் என்ன என்று அவவுக்குத் தெரியாது, சொல்ல எனக்குப் பாஷையும் இல்லை. மரங்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து இரண்டு கிழமை பின்னாலேயே போனேன். உடுப்புத் தோய்க்கிற அறைக்கு வீட்டுக்கொரு நாள் என்று முறை இருப்பது தெரியாமல் அடுத்த வீட்டுக்காரியின் நாளில் தோய்த்து, அவ கதவில் ஒட்டிவிட்ட துண்டை இவர் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு இருந்த கதையெல்லாம் எழுதினால் விடிந்துவிடும்.

ஆறு மாதத்துக்குப் பிறகு வாய் திறந்தான், டொச்சில், அதாவது ஜெர்மன் பாஷையில். அதிலும் வகுப்புக்கு ஒரு டொச், விளையாட்டு மைதானத்துக்கு வேறு டொச். நானும் அவனோடு உடைந்த டொச்சில் கதைக்கத் தொடங்கினேன், பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம். ரீச்சரே ஒரு நாள் கூப்பிட்டு, வீட்டில் உங்கள் பாஷையிலேயே கதையுங்கள் என்றா. வெள்ளைக்காரி சொல்லித்தான் நான் என் பிள்ளையோடு திரும்பத் தமிழ் கதைத்தேன். இது என் பிழைதான், மறைக்கவில்லை.

"எங்கட மாமியின்ர பிள்ளைகள் கனடாவில தேவாரமே பாடுதுகள்" என்பீர்கள். நல்லது, சந்தோசம். அந்த வீட்டில் அம்மம்மா இருக்கிறாவா என்று கேட்டுப் பாருங்கள். "நீங்கள் வந்து சங்கிலி காட்டுறீங்கள், கலியாணத்துக்கு ட்ரோன் விடுறீங்கள்." அதுவும் உண்மைதான், எனக்கும் பிடிக்காது. ஆனால் ட்ரோன் விட்டவனைப் பிடித்துக் கேளுங்கள், சந்தைக்கு வந்த பிள்ளையை விடுங்கள். அப்புறம், ஊரில் இங்கிலிஸ் நேசரிக்கு அனுப்பி மம்மி டாடி சொல்ல வைக்கிறவர்களின் வாசலில் யாரும் மைக்கோடு நிற்பதாகத் தெரியவில்லை.

மூத்தவன் நாலாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு உடம்பு சரியில்லை. இவருக்கு லீவு இல்லை. டொக்டரிடம் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன், வேறு யாரைக் கூட்டிப்போவது? ஸ்கானைப் பார்த்துவிட்டு டொக்டர் நீளமாக ஏதோ சொன்னார். மகன் என் முகத்தைப் பார்க்காமல் மேசையில் இருந்த பேனையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, பிள்ளை இருக்கிற பையில கட்டி இருக்காம். கூடாத கட்டி இல்லையாம். ஆனா வெட்டத்தான் வேணுமாம்." கர்ப்பப்பை என்ற சொல்லை அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில், தான் சொன்னது சரிதானா என்று மூன்று தரம் கேட்டான். இந்தத் தமிழுக்கு எத்தனை மார்க் போடுவீர்கள், லிப்ஸ்டிக் ஐயா?

நான் அழுது எழுதவில்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்த வீடியோப் பிள்ளை எனக்குச் சொந்தமில்லை, அந்தத் தாயை நான் கண்டதுமில்லை. ஆனால் தாய் ஓரமாக நின்று சிரிக்க முயற்சி செய்கிறாவே, முப்பதாவது செக்கனில், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ரீச்சருக்கு முன்னால் சிரித்திருக்கிறேன், தோய்க்கிற அறையில் சிரித்திருக்கிறேன். சொந்த ஊர்ச் சந்தையிலும் அதே சிரிப்பைச் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. வீடியோ போட்டவர் இதை வாசித்தால், குறைந்தது அந்தப் பிள்ளையின் முகத்தையாவது மறைத்துவிடுங்கள். இரண்டு கிழமையில் அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

தம்பி, நீயும் வாசிப்பாய். குடும்பக் குழுவில் அதைப் போட்டு, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஆறு போட்டு, "அக்கான்ர ஆட்களும் இப்பிடித்தான்" என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குழுவில் என் மகனும் இருக்கிறான். தமிழ் வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாய் போல. எழுத்துக்கூட்டி வாசிப்பான். வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, காலையிலிருந்து அம்மம்மாவோடு கிணற்றடியில் நிற்கிறான். அதை அழித்துவிடு. அழித்துவிட்டு மத்தியானம் சாப்பிட வா, அம்மா பாவற்காய் பொரிக்கிறா.